ஐம்பத்தெட்டு கிலோ

கோவில்பட்டி இழுவிச் சந்தையில் வாங்குகிறவரால் வண்டியின் நிறத்தைத் தவிர வேறு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. மற்றதையெல்லாம் அவருடைய வீடே சொல்லிவிடும். ஞானதுரையின் வீடு வரிசையில் நாற்பத்தோராவதாக நின்றது. செப்டம்பர் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னாலும் பின்னாலும் சக்கரம் வைத்த வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நாலைந்து பேர் நின்று, நாலு சக்கர இழுவியா ஆறு சக்கர இழுவியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞானதுரைக்குச் சண்டை போடவும் ஆளில்லை.

தூத்துக்குடித் தெருக்களுக்குள் கடல் வந்துபோகத் தொடங்கிப் பதினான்கு வருடமாகிறது. அக்டோபரில் வரும், ஏப்ரலில் திரும்பிப் போகும். அதனால் ஜனங்கள் வீட்டுக்குச் சக்கரம் வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கரையில், ஆறு மாதம் தேனிப் பக்கம் மலையடிவாரத்தில். உருள்வீடு என்று அதற்குப் பெயர். இழுத்துப் போகிற வண்டி இழுவி. இதுவரை ஞானதுரையின் வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் தன் வீட்டைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் போனார். இந்த வருடம் அவர் மகன் கூப்பிட்டான் என்று ஓசூருக்கே போய்விட்டார். இழுவிச் சந்தை வரை வீட்டைக் கொண்டுவந்து விட்டதுதான் அவர் செய்த கடைசி உதவி.

எல்லா உருள்வீட்டிலும் ஓர் எடைசாட்சி உண்டு. தரைக்கு அடியில் உள்ளங்கை அளவுத் தகடுகளாக நூற்றுக்கணக்கில் பதித்திருப்பார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மலைப்பாதை ஏற்றத்தில், சின்ன இழுவி ஒன்றைப் பெரிய வீடு பின்னாலேயே இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. கட்டிலில் எத்தனை கிலோ, அடுப்படியில் எத்தனை கிலோ, எந்த எடை நடமாடுகிறது, எந்த எடை சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் எடைசாட்சிக்கு அத்துப்படி. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். யோசிக்கவும் தெரியாது என்பதைப் போடுவதில்லை.

எந்த வீட்டுக்கு எந்த இழுவி என்று பொருத்திக் கொடுக்கிற பொருத்துநர் செண்பகவல்லி. நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு பலகைக் கணினியோடு வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு நாலு சக்கரமே போதும்னு வருது."

"போதாதும்மா. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறணும். வீடு நாலாயிரத்து இருநூறு கிலோன்னு வாசல் தகட்டுல போட்டிருக்கும், அதை நம்பாத. அது காலி வீட்டு எடை."

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். "இங்க வர்ற பாதிப்பேருக்கு இது தெரியாது. தகட்டைப் பார்த்து வண்டி கேப்பாங்க. தண்ணித்தொட்டி, பீரோ, துணிமணி, அரிசி மூட்டை எல்லாம் யாரு இழுப்பா? நிறைஞ்ச வீடு ஐயாயிரத்து அறுநூறு, சரிதானே?"

"சரிதான். அதுல அஞ்சுல ஒரு பங்கு வண்டி முதுகுலதான உக்காரும்? ஆயிரத்து நூத்திச் சொச்சம். நாலு சக்கரத்துக்கு முதுகு ஆயிரம்தான் தாங்கும். நானும் ஒரு எழுபது கிலோ ஏறி உக்காரணும்."

"இழுக்கிறதை விடுங்க, இறக்கத்துல நிறுத்தவும் முடியாது" என்று அவளும் ஒத்துக்கொண்டாள். பிறகு தயங்கினாள். "ஆனா அண்ணாச்சி, எடைசாட்சி பின்னறையைக் கழிச்சுட்டுக் கணக்குப் போட்டிருக்கு."

பின்னறை என்பது ஞானதுரையின் மகள் எப்சியின் அறை. தனியாகச் செய்து வீட்டின் பின்பக்கம் மாட்டியது. கட்டில், மேசை, ஒரு பீரோ, அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள், எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு கிலோ.

"ரெண்டு வருஷமா அந்த அறையில எந்த எடையும் நடமாடல. பயன்படாத எடையை இழுக்க மின்சாரம் ஒதுக்க மாட்டாங்க. கழட்டி இங்கயே விட்டுட்டீங்கன்னா நாலு சக்கரம் தாராளமா இழுக்கும். பிரிச்சு வேற வீட்டுக்குக் கொடுத்துருவாங்க."

"பிரிச்சா?"

"ஆமா."

ஞானதுரை உப்பளத்தில் மேஸ்திரியாக முப்பது வருடம் இருந்தவர். இருநூறு பேரை அதட்டி வேலை வாங்கிய தொண்டை அவருடையது. இப்போது பின்னறைக் கதவின் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். மனைவி போய் ஆறு வருடமாகிறது. அவள் அறை என்று தனியாக எதுவும் இருந்ததில்லை, அதனால் அவளுக்காக எதையும் கழற்றச் சொல்ல எந்த இயந்திரத்தாலும் முடியவில்லை. மிச்சமிருப்பது இந்த ஓர் அறைதான். இதையும் விட்டுவிட்டால், எப்சி வந்தால் எங்கே படுப்பாள்?

"மக வருவாளா அண்ணாச்சி?"

"வருவா."

"எங்க இருக்கா?"

"தென்கடல்ல. பனிமலையைக் கட்டி இழுத்துட்டு வர்றாங்கல்ல, தண்ணிக்கு. எந்த மலைக்கு எந்தக் கப்பல்னு பொருத்திக் கொடுக்கிறது அவ வேலை."

"அட, நம்ம தொழில்தான்" என்றாள் செண்பகவல்லி. அவளுக்கு மனம் இளகிவிட்டது. ஒரு வழி இருக்கிறது என்றாள். இரண்டாமவர் குடியேறப் போகிறார் என்று எழுதிக்கொடுத்தால் ஆறு சக்கர இழுவி மூன்று மாதக் கெடுவில் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் அந்த அறையில் ஓர் ஆள் குடியிருப்பதை எடைசாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வந்து இழுவியை மாற்றிவிடுவார்கள், அறையையும் கழற்றிவிடுவார்கள்.

"மகளுக்கு இன்னிக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க."

"கேக்கேன்" என்றார்.

கேட்கவில்லை. போன வருடம் ஒரு தடவை கேட்டிருந்தார். "பார்ப்போம்ப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இன்னொரு தரம் அதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. அவளாக வரட்டும், வரும்போது அறை இருந்தால் போதும் என்று முடிவு செய்துகொண்டார். நம் அப்பாக்கள் பலரும் இப்படித்தான் முடிவு செய்வார்கள்.

ஆறு சக்கர இழுவி வீட்டைக் கணவாயில் தூக்கிக்கொண்டு போனது. பின்னால் இத்தனை பெரிய வீடு வருகிறது என்பதே கைக்குத் தெரியவில்லை. இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்ததும் நின்றது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நல்ல வண்டி என்று சொல்ல ஆளில்லாமல், தானே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிக்கொண்டார்.

தேனிக்கு வெளியே மலையடிவாரத் திடலில் வீட்டை நிறுத்தி இரண்டு வாரமாயிற்று. அடுப்படிச் சுவரில் எடைசாட்சியின் சின்னத் திரை தினமும் ஒரே வரியைக் காட்டியது. ஒருவர். நலம். இந்த வரி ஞாயிற்றுக்கிழமை தோறும் எப்சியின் கைப்பேசிக்கும் போகும். தனியாக இருக்கும் வயசாளிகள் விழுந்துகிடந்தால் பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வந்த பிறகு, சௌக்கியமா என்று கேட்கப் பிள்ளைகள் போன் பண்ணுவது குறைந்துபோனது. அதுதான் தானாகவே சொல்லிவிடுகிறதே. ஞானதுரைக்கு அந்தத் திரையைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். அதனால் அதைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். அங்கேதான் பிசகினார்.

அக்டோபர் முதல் வாரத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எப்சி கடைசியாக வந்திருந்தபோது எடைசாட்சி அவள் எடையை ஐம்பத்தெட்டு என்று காட்டியிருந்தது. "குண்டாயிட்டேன்" என்று அவள் முகத்தைச் சுளித்தது நினைவிருந்தது. இருபது லிட்டர் கேன் இரண்டு, இன்னொரு கேனில் பதினெட்டு லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. மூன்று கேனையும் ஒரு சக்கரப் பலகையில் வைத்துக் கட்டினார். பலகையின் எடைக்கும் காலிக் கேன்களின் எடைக்கும் ஈடாக ஐந்து லிட்டரைக் கொட்டினார். சரியாக ஐம்பத்தெட்டு.

சும்மா கிடந்தால் எடைசாட்சி அதை மூட்டை என்று எழுதிவிடும். ஆள் என்றால் நடக்க வேண்டும். காலையில் ஏழு மணிக்குப் பலகையை எப்சியின் அறையிலிருந்து அடுப்படிக்குத் தள்ளிவருவார். மதியம் சாப்பாட்டு மேசைக்கு. சாயங்காலம் ஜன்னல் பக்கம். எட்டு மணிக்குத் திரும்ப அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் ஒவ்வொரு கேனாக ஏற்றிப் படுக்கவைப்பார். அறுபத்து மூன்று வயதில் இடுப்பு ஒடியும் வேலை. முதல் நாலு நாள் தன்னையே திட்டிக்கொண்டு செய்தார். ஐந்தாம் நாள், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று கேன்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். ஆறாம் நாள் வெட்கப்படவில்லை.

டிசம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் கிறிஸ்மஸ் பாட்டு முடிந்து வீட்டுக்கு வந்தபோது கைப்பேசியில் செண்பகவல்லியின் செய்தி இருந்தது. கெடு முடிந்தது, இரண்டாமவர் குடியிருப்பு உறுதி, ஆறு சக்கர இழுவி இனி நிரந்தரமாக உங்களுடையது, அறையைக் கழற்ற வேண்டாம். கீழே அவளாக ஒரு வரி சேர்த்திருந்தாள். மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி.

ஞானதுரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே போய் இழுவியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்து எப்சி அழைத்தாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு வந்த அழைப்பு.

"அப்பா, கிறிஸ்மஸ் வாழ்த்து முன்னாலயே சொல்லிருதேன். அடுத்த வாரம் சிக்னல் இருக்காது."

"ஏன், எங்க போற?"

"இன்னும் தெக்க. மூணு வருஷ ஒப்பந்தம். நேத்துதான் கையெழுத்துப் போட்டேன்." குரலில் ஒரு சிரிப்பு. "அதை விடுங்க. வீட்ல யாருப்பா அது?"

"யாரு?"

"மறைக்காதீங்க. பத்து வாரமா எனக்கு 'இருவர். நலம்'னு வருது."

ஞானதுரை இழுவியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைச் செய்தியை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

"உண்மையைச் சொல்லட்டாப்பா? நான் இந்த வேலையையே விட்டுட்டு வந்துரணும்னு இருந்தேன். ராஜினாமா எழுதி வெச்சிருந்தேன். கிறிஸ்மஸுக்குச் சொல்லாமக் கொள்ளாம வந்து நிப்போம்னு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் 'ஒருவர்'னு வரும்போது உடனே கிளம்பிரணும்னு இருக்கும். போன் பண்ணக்கூடப் பயமா இருக்கும், உங்க குரலைக் கேட்டா அழுதுருவேன்னு. அப்புறம் அக்டோபர்ல இருந்து 'இருவர்'னு வர ஆரம்பிச்சுது. மொதல்ல நம்பல. வாரா வாரம் பார்த்தேன். தினமும் சேர்ந்து சாப்பிடுறீங்க, சாயங்காலம் ஜன்னல் பக்கம் உக்காருறீங்க, எல்லாம் காட்டுது. இனி என்ன கவலைன்னு தோணுச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அதைத் திருப்ப முடியாதாம்மா?" என்றார்.

"கப்பல் கிளம்பிருச்சுப்பா. ஏன்?"

சொல்லிவிடலாம். அது ஆள் இல்லை, தண்ணீர் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் மூன்று வருடம் அந்தப் பிள்ளை பனிக்கு நடுவில் உட்கார்ந்து அதையே நினைத்து அழும். திரும்பி வர வழியும் கிடையாது.

"சும்மாதான் கேட்டேன்" என்றார்.

"நல்லவங்களாப்பா?"

"நல்லவங்கதான்."

"உங்க கோபத்தைப் பொறுத்துக்கிறாங்களா?"

"எதிர்த்து ஒரு வார்த்தை பேசுறதில்ல."

எப்சி சிரித்தாள். "எடையைப் பார்த்தேன்ப்பா. அம்பத்தெட்டு. என் எடையேதான். என் கட்டில்லயே படுத்துக்கட்டும், பரவாயில்ல. நீங்க தனியா இல்லைங்கிறதே எனக்குப் போதும்."

பேசி முடித்துவிட்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். நிரந்தரமாகிவிட்ட இழுவி எதிரே நின்றது. எப்சி வந்தால் அவளையும் அவள் அறையையும் சேர்த்து எந்தக் கணவாயிலும் ஏற்றிவிடும். இழுவி சரியான இழுவிதான், அதில் எந்தப் பிழையும் இல்லை. கேன்களைக் கவிழ்த்துத் தண்ணீரைத் தோட்டத்துக்கு ஊற்றிவிட வேண்டும் என்று எழுந்தார். ஆத்திரம் அவ்வளவு இருந்தது. ஆனால் ஊற்றினால் அடுத்த ஞாயிறோ, சிக்னல் கிடைக்கிற ஏதோ ஒரு ஞாயிறோ, 'ஒருவர்' என்று அவளுக்குப் போகும். மூன்று வருடம் முடியும்வரை அவரால் இனி ஒரு சொட்டையும் கொட்ட முடியாது.

மணி ஒன்றாகியிருந்தது. அடுப்படிக்குப் போய்ச் சக்கரப் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். ஒரு கேனில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. செம்பில் மொண்டு ஊற்றிச் சரிசெய்தார். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இருவர் சாப்பிடுகிறார்கள் என்று எடைசாட்சி எழுதிக்கொண்டது.