ஈக்குத் தெரிந்த சூடு

"அந்தக் கதிரையைத் தூக்கி எறியடி! செத்தவனுக்கு என்னத்துக்குக் கதிரை?"

"தொட்டுப் பாருங்கோ அண்ணை, தெரியும்!"

நான் ஒட்டுக்கேட்கவில்லை, முருங்கையிலை ஒடிக்கத்தான் மதிலடிக்குப் போனேன். பக்கத்து வளவில் சசிகரனும் தங்கை கோசலாவும். அவளை நெடுந்தீவிலிருந்து வவுனியாவுக்குக் கூட்டிப்போய் மறுமணம் செய்துவைக்க அவன் வந்திருந்தான். அவளோ, கடலில் மூழ்கிய கணவன் லவன் மத்தியானத்தில் இன்னும் வருகிறார் என்கிறாள். உடல் கரையொதுங்கி நாங்களே எரித்தோமே!

இப்படிப்பட்ட இடத்தில் நான் இல்லாவிட்டால் எப்படி? உள்ளே போனேன்.

உச்சிவெயில். தொட்டியில், தீவில் காடாய்த் திரியும் குதிரைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. லவன் இருந்தபோது அவற்றுக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டுவான். குதிரை ஈ கணுக்காலைத் தேடி வரும். "கடிக்கிறதெல்லாம் பொம்பிளையள். முட்டைக்கு இரத்தம் வேணுமாம். ஆம்பிளை ஈ பாவம், பூத்தேனோட சரி" என்று கோசலாவைச் சீண்டுவான்.

இப்போது வெறுங்கதிரை. குதிரை வேர்வை நாற்றம். ஒரு ரீங்காரம்.

ஓர் ஈ குதிரையை விட்டு வந்தது. பெரிய பச்சைக் கண்கள். கதிரைக்கு முன்னால், கணுக்கால் உயரத்தில், உட்கார்ந்தது.

காற்றில்.

சிறகு அசையவில்லை. இந்த ஈ ஊசிபோலக் குத்தாது. கத்தரிபோலத் தோலை வெட்டி, கசிவதை நக்கும். அதன் வயிறு மெல்ல உப்பிச் சிவந்தது.

மணலில் ஒரு துளி விழுந்தது.

இரத்தம்.

"சூடில்லாத உடம்பில அது இருக்காது அக்கா," என்று கிசுகிசுத்தாள் கோசலா. ஈ இருந்த இடத்தைச் சுற்றிக் கையால் துழாவினாள். விரல்கள் எதிலும் முட்டவில்லை.

"அதுக்குப் படுறார். என்ர கைக்கு மட்டும் ஏன் படேல்லை?"

தூக்கி எறியப் பிடித்திருந்த கதிரையிலிருந்து சசிகரன் கையை எடுத்துவிட்டான்.

அவள் வெகுநேரம் துழாவினாள். பிறகு எழுந்து, "தொட ஏலாத மனுசனோட எப்பிடி இருக்கிறது? வாங்கோ அண்ணை, போவம்" என்றாள். அன்றைய படகிலேயே போனார்கள்.

ஆவணியில் வவுனியாவில் ஒரு வாத்தியாரைக் கட்டினாள். முழுகாமல் இருக்கிறாளாம். கதிரையை நான்தான் எடுத்துவந்தேன். சும்மா கிடந்து வீணாகக் கூடாதே. அதனருகே ஈ ஒன்றும் வருவதில்லை.

ஈக்கள் இப்போது இறங்குதுறையில். மத்தியானப் படகு வரும் நேரம், துறையின் நுனியில், கணுக்கால் உயரத்தில், காற்றில் உட்கார்ந்திருக்கின்றன. கீழே சீமெந்தில் சிவந்த ஈரத் துளிகள்.

கோசலாவுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

நான்கூட.