அஞ்சு ஸ்டார் கொடுத்த பிணம்!

செல்போன் அலறியது.

தெரியாத நம்பர்!

"சாப்பாடு டெலிவரி பண்றவனா?"

"ஆமா சார். ஆர்டரா சார்?"

"இன்ஸ்பெக்டர் பேசறேன். மத்தியானம் ஆறாவது மாடி, ஆறு-பி ஃப்ளாட்டுல பார்சல் வெச்சது நீதானே?"

"நான்தான் சார். ஏன் சார்... சூப்புல முடி ஏதாவது?"

"குடிக்க வேண்டிய ஆளு பிணமாக் கெடக்கறான்யா! பத்து நிமிஷத்துல இங்க இருக்கணும். ஓடிட மாட்டியே?"

"வண்டியில பெட்ரோல் இல்ல சார். எங்க ஓடறது?"

போன் வைக்கப்பட்டது.

மூடிக் கிடந்த துணிக்கடையின் படியில் உட்கார்ந்திருந்த கியர், உட்கார்ந்தபடியே வியர்த்தான்.

ஊரில் அந்தத் தொற்று நோய் பரவுவதற்கு முன் அவன் டூரிஸ்ட் பஸ் ஓட்டியவன். நாற்பது சீட் வண்டியை மலை வளைவில் ஒரு கையால் திருப்பி, மறு கையால் கியர் மாற்றுவான். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஊர் அடங்கியது. டூரிஸ்ட்டுகள் வீட்டு மொட்டை மாடியைச் சுற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். இப்போது கியர் ஓட்டுவது கியரே இல்லாத ஸ்கூட்டர்!

மனைவிக்கு போன் போட்டான்.

"என்னங்க, ஸ்டார் ஏறிச்சா?"

"ஏறிடுச்சு! நாலு புள்ளி பூஜ்யம்!"

மறுமுனையில் பெருமூச்சு. கம்பெனி விதி அப்படி. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு சராசரி நாலு ஸ்டாருக்குக் கீழே இருந்தால் ஐடி முடக்கம். கம்பெனி வாசலில் இவன் வேலைக்கு ஐம்பது பேர் ஸ்கூட்டரோடு நிற்கிறார்கள். இன்று சனிக்கிழமை. மதியம் வரை மூணு புள்ளி தொண்ணூற்றெட்டில் தொங்கிக் கொண்டிருந்தது அவன் பிழைப்பு!

"யாருங்க அந்தப் புண்ணியவான்?"

"ஆறு-பி..."

"அந்த ஒத்த ஸ்டாரா?! அந்தாளா அஞ்சு குடுத்தாரு?"

"குடுத்துட்டு செத்துட்டாரு."

"ஐயையோ!"

"போலீஸ் கூப்பிடுது. நான் வர லேட்டானா வக்கீலுக்குச் சொல்லு."

"நமக்கு ஏதுங்க வக்கீலு?"

"அப்ப எங்கம்மாவுக்குச் சொல்லு. ரெண்டும் ஒண்ணுதான்."

---

ஆறாவது மாடி. கதவு விரியத் திறந்திருந்தது.

வாசலில் அவன் வைத்த பார்சல் அப்படியே இருந்தது. முடிச்சு அவிழவில்லை.

உள்ளே சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒருவர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. ஆனால் சட்டை இஸ்திரி போடாத சட்டை!

அறைக்குள் யாரும் போகவில்லை. காரணம் கதவில் ஒட்டியிருந்த சிவப்பு நோட்டீஸ்.

'நோய்த் தொற்று உள்ள வீடு. உள்ளே நுழையாதீர்.'

இன்ஸ்பெக்டர் வராந்தாவின் இந்தக் கோடியில். கான்ஸ்டபிள் அந்தக் கோடியில். வாட்ச்மேன் படிக்கட்டில், காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியோடு. நடுவில் ஒரு வாலிபன் சுவரில் சாய்ந்து, இரண்டு மாஸ்க்குக்குள் அழுதுகொண்டிருந்தான். செத்தவரின் அக்கா மகன்.

"மாமா! ஐயோ மாமா! பதினோரு நாளா தனியாக் கெடந்து இப்படிப் போயிட்டீங்களே...!"

இன்ஸ்பெக்டர் கியரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு மணிக்கு இவரு ஆப்புல ஆர்டர் போட்டிருக்காரு. அப்ப உயிரோட இருந்தாரு. ரெண்டேகாலுக்கு இந்தத் தம்பி வந்து பார்த்தா பிணம். நடுவுல இந்த மாடிக்கு வந்தது ஒரே ஆளு. வாட்ச்மேன் நோட்டுல எழுதியிருக்கு. உள்ள, ஒண்ணு முப்பத்தாறு. வெளிய, ஒண்ணு நாப்பத்தொண்ணு. யாரு?"

"நான்தான் சார். ஆனா பார்சல வெச்சேன், போட்டோ புடிச்சேன், வந்துட்டேன். பெல் அடிக்கக் கூடாதுன்னு ஆர்டர்லயே இருக்கும் சார்."

"வைக்கறதுக்கு அஞ்சு நிமிஷமா?"

"லிஃப்ட்டுல ஒவ்வொருத்தராத்தான் விடறாங்க சார். அந்த நாலாவது மாடி அம்மா நாய்க்குட்டிக்கும் தனி ட்ரிப் கேக்கறாங்க."

"நக்கலு? பதினோரு நாளும் உனக்கு ஒத்த ஸ்டார் குடுத்திருக்காரு இவரு. உன் கம்பெனியில கேட்டுட்டேன். இன்னிக்கு உன் வேலைக்குக் கடைசி நாளு. ஆத்திரம். கதவத் தட்டின, தொறந்தாரு, போட்ட ஒரு போடு! சரியா?"

கான்ஸ்டபிளின் கை விலங்கைத் தேடியது.

ஐடி போவது ஒரு பக்கம் இருக்கட்டும்... ஆளே உள்ளே போகப் போகிறான்!

"சார்! அவரு இன்னிக்கு எனக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காரு சார்! அஞ்சு குடுத்த மனுஷன யாராவது அடிப்பாங்களா?"

போனை நீட்டினான். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். அஞ்சு மஞ்சள் நட்சத்திரங்கள். நேரம், ஒண்ணு நாற்பத்திரண்டு.

"பார்த்தீங்களா சார்," என்று மூக்கை உறிஞ்சினான் வாலிபன். "எங்க மாமா தங்கமான மனுஷன்..."

கியர் திரும்பி வாலிபனைப் பார்த்தான்.

தங்கமா?

இந்த ஆளா?

"சார்... ஒரு நிமிஷம். இத கொஞ்சம் படிங்க."

பழைய ஸ்டார்களைத் தள்ளிக் காட்டினான். இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார்.

"'ஸ்பூன் வளைந்திருந்தது, ஒரு ஸ்டார்.' 'பையில் சுருக்கம், ஒரு ஸ்டார்.' 'டிரைவர் மூச்சு விடும் சத்தம் கதவுக்கு உள்ளே கேட்டது, ஒரு ஸ்டார்...' என்னய்யா இது!"

"நேத்திக்கு எல்லாமே சரியா இருந்துச்சு சார். அதுக்கும் ஒண்ணுதான். 'குறை சொல்ல வாய்ப்புத் தரவில்லை'ன்னு எழுதியிருக்காரு பாருங்க! இந்த மனுஷன் அஞ்சு ஸ்டார் குடுக்க மாட்டாரு சார். செத்தாலும் குடுக்க மாட்டாரு!"

"அதான் செத்துட்டாரே."

"அதத்தான் சார் சொல்றேன்! செத்தவரு குடுக்கல. இன்னொண்ணு பாருங்க. பார்சல் இன்னும் வாசல்லயே இருக்கு. பிரிக்கவே இல்ல. பிரிச்சு, மோந்து, ஸ்பூன வெளிச்சத்துல தூக்கிப் பார்க்காம இவரு ஸ்டாரத் தொட மாட்டாரு. பார்சலத் தொடாமலே ஒண்ணு நாப்பத்திரண்டுக்கு அஞ்சு ஸ்டார் வந்திருக்கு. எங்கிருந்து?"

வாலிபன் அழுவதை நிறுத்தியிருந்தான்!

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"தம்பி... வயசான மனுஷனுக்கு இந்த ஆப்பப் போட்டுக் குடுத்தது யாரு?"

"அ... அது... நான்தான். அதுக்கென்ன சார்? நான் பதினொண்ணே காலுலேருந்து ரெண்டு மணி வரைக்கும் தடுப்பூசி க்யூவுல நின்னேன். உங்க கான்ஸ்டபிளே பார்த்தாரு!"

"ஆமாங்க ஐயா," என்றார் கான்ஸ்டபிள். "நான்தான் க்யூவ பார்த்துக்கிட்டிருந்தேன். தள்ளி நில்லுன்னா நிக்காம போனையே நோண்டிக்கிட்டிருந்தான்."

"போனையா?"

"போனைத்தானுங்க."

"வாட்ச்மேன்! இந்தத் தம்பி காலையில வந்தானா?"

வாட்ச்மேன் நோட்டைப் புரட்டினான். "பத்து நாப்பதுக்கு உள்ள. பதினொண்ணு பத்துக்கு வெளிய. மருந்து குடுக்க வந்தேன்னு சொன்னாருங்க."

இன்ஸ்பெக்டர் கை நீட்டினார்.

"உன் போனக் குடு தம்பி. உள்ள யாரு பேருல ஆப் ஓடுதுன்னு பார்ப்போம்."

வாலிபன் போனைக் கொடுக்கவில்லை.

ஓடினான்!

படிக்கட்டுக்குப் பாய்ந்தான். வாட்ச்மேன் பதறிப்போய், கையில் இருந்ததை அவன் நெற்றிக்கு நேராக நீட்டினான்.

"நில்லு!"

வாலிபன் இரண்டு கைகளையும் உயரத் தூக்கி அப்படியே உறைந்தான்.

'பீப்.'

"முப்பத்தாறு புள்ளி எட்டு," என்றான் வாட்ச்மேன் நடுங்கும் குரலில். "நார்மல்."

விலங்கு மாட்டப்பட்டது.

"ஃப்ளாட்ட என் பேருக்கு எழுதிக் குடுங்கன்னேன் சார்... காறித் துப்பினாரு. கோவத்துல இஸ்திரிப் பெட்டியத் தூக்கிட்டேன்... அப்புறம் அவரு ஒரு மணிக்கு உயிரோட இருந்த மாதிரி காட்டணும்னு என் போன்லேருந்து ஆர்டர் போட்டேன்."

"எல்லாம் சரி. அஞ்சு ஸ்டார் எதுக்குடா?"

வாலிபன் தலை குனிந்தான்.

"ஸ்டார் குடு, ஸ்டார் குடுன்னு ஆப் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இந்த நோய்க் காலத்துல வெளிய அலையறாங்களே... பாவமா இருந்துச்சு சார்."

கியருக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. இந்த ஊரில் அவன்மேல் இரக்கப்பட்ட ஒரே ஜீவன்... கொலைகாரன்!

---

மணி ஐந்தே முக்கால்.

ஆம்புலன்ஸ் ஒருவழியாக வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உறை போட்ட இரண்டு பேர், நிலாவுக்குக் கிளம்பியவர்கள் போல உள்ளே நடந்தார்கள்.

குனிந்தார்கள்.

நிமிர்ந்தார்கள்!

"சார், இவரு செத்துட்டாருன்னு யாரு சொன்னது?"

இன்ஸ்பெக்டர் வாலிபனைப் பார்த்தார். வாலிபன் வாட்ச்மேனைப் பார்த்தான். வாட்ச்மேன் சிவப்பு நோட்டீஸைப் பார்த்தான்.

"தொட்டுப் பார்த்தீங்களா யாராவது?"

அத்தனை பேரும் ஆறடி தூரத்தில் நின்றே அவரைச் சாகடித்திருந்தார்கள்!

"நாடி நல்லா ஓடுது சார். வெறும் மயக்கம்!"

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. ஒத்த ஸ்டார் கண்ணைத் திறந்தார். அக்கா மகனைப் பார்த்தார். ஒற்றை விரலை நீட்டினார். அது போதும் சாட்சி.

"ஐயா," என்றார் இன்ஸ்பெக்டர் குரல் தழுதழுக்க. "உங்களத் தாக்கினவனப் புடிச்சுக் குடுத்ததே இந்த டெலிவரி ஆளுதான். உங்க பேருல வந்த அஞ்சு ஸ்டார வெச்சே கண்டுபுடிச்சுட்டான்!"

கியர் கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றான்.

ஒத்த ஸ்டார் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு வாசல் பார்சலை. உதடு அசைந்தது.

"...போன்... என் போனக் குடுங்க..."

கொடுத்தார்கள். கட்டை விரல் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. கியரின் கண் கலங்கியது. நல்ல மனுஷன். பிழைத்ததும் சொந்தபந்தத்துக்குத்தான் முதல் செய்தி!

லிஃப்ட் மூடியது.

கியரின் பாக்கெட்டில் 'டிங்' என்றது.

'வாடிக்கையாளர் தம் மதிப்பீட்டை மாற்றியுள்ளார். ஒரு ஸ்டார். சூப் ஆறிவிட்டது.'

சராசரி, மூணு புள்ளி தொண்ணூற்றிரண்டு. மணி, ஐந்து ஐம்பத்தெட்டு.

இரண்டு நிமிடம் கழித்து திரை இருண்டது. ஐடி முடக்கம்!

"என்னய்யா, முகம் செத்துப் போச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்டேஷனுக்கு வந்து இந்தப் பய மேல ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்துட்டுப் போ."

கியர் விலங்கோடு நின்ற வாலிபனை ஏற இறங்கப் பார்த்தான்.

"எழுதிக்குங்க சார். இவனுக்கும் ஒரே ஒரு ஸ்டார்தான். எடுத்த வேலைய முழுசா முடிக்கல!"