வெறுங்கை எழுத்து

அன்று மதிய உணவுக்கு முன் செண்பகவல்லி ஆறு ஆவணங்களுக்கு எண் கொடுத்து முடித்திருந்தாள். ஒரு உயில், இரண்டு மணமுறிவுக் கடிதங்கள், ஒரு ராஜினாமா, ஒரு மிரட்டல், ஒரு காதல் கடிதம். எதையும் அவள் படிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆவணத்தைத் தடமானிக்குள் செலுத்தினால் அது எண்ணைச் சொல்லிவிடும். எழுபதும் அதற்கு மேலும் என்றால் மெய், கீழே என்றால் போலி. மெய்ச்சான்றாளர் என்ற முறையில் அவள் செய்ய வேண்டியது அடியில் ஒப்புதல் கொடுப்பது மட்டும்தான். திருநெல்வேலி ஆவணத் தீர்ப்பாயத்தில் ஒன்பது வருடங்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

தேதி, முகவரி, கையொப்பம், குரல் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்யலாம் என்று ஆகிவிட்ட பிறகு, நீதிமன்றங்கள் நம்பியது எழுத்துத் தடத்தை மட்டும்தான். ஒருவர் சொற்களை அடுக்கும் விதம், வாக்கியத்தை முடிக்கும் இடம், தன்னையறியாமல் தவிர்க்கும் சொற்கள் எல்லாம் சேர்ந்ததுதான் தடம். ஒவ்வொரு குடிமகனின் தடமும் அரசிடம் பதிவாகியிருந்தது. அவர் எழுதியவற்றைக் கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்பட்டது.

எழுதியவை என்றால், நிழற்கை எழுதியவை. சொந்த விரலால் முழு வாக்கியம் எழுதுகிறவர்கள் அநேகமாக இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அரைகுறையாக முணுமுணுத்தால் போதும், நிழற்கை அதை அவரவர் நடையில் பிசிறில்லாமல் எழுதித் தரும். செண்பகத்தின் நிழற்கை புனேயில் இருந்த மகளுக்கு வாரம் மூன்று கடிதங்கள் எழுதியது. மகளின் நிழற்கை மூன்றுக்கும் பதில் எழுதியது. அம்மாவும் மகளும் கடைசியாகச் சண்டை போட்டு நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அதில் செண்பகத்துக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

ஏழாவது ஆவணம் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தது. அங்கே நீலக்கரை என்ற இறால் பதப்படுத்தும் ஆலையில் நான்கு மாதங்களுக்கு முன் அமோனியா கசிந்து ஏழு பெண்கள் இறந்துபோயிருந்தார்கள். கசிவை எச்சரிக்க வேண்டிய அலாரம் அன்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னது ஆலையின் செயல் இயக்குநர் டெரன்ஸ் மச்சாடோ என்று காட்டும் பத்தொன்பது மின்னஞ்சல்கள் பத்திரிகைகளுக்குக் கசிந்திருந்தன. கசியவிட்டவர் பராமரிப்புப் பொறியாளர் லிங்கதுரை. அஞ்சல்கள் மெய் என்றால் மச்சாடோ சிறைக்குப் போவார். போலி என்றால் லிங்கதுரை போவார். அலாரத்தை நிறுத்திய குற்றத்துக்கு ஒரு தண்டனை, பழியை அடுத்தவர் மேல் போடப் போலி அஞ்சல் தயாரித்ததற்கு இன்னொன்று.

தடமானி பதினொன்று என்றது.

வழக்கம்போல் நிழற்கை அறிக்கையையும் எழுதி வைத்துவிட்டது. ஒப்புதல் கொடுக்கப் போனபோது, அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வந்து கதவருகே நின்றார். ஐம்பது வயதிருக்கும். இடது கையில் அமோனியா பட்ட தழும்பு முழங்கைவரை வெளுத்திருந்தது. பெயர் லிங்கதுரை என்றும், காலையிலிருந்து உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். சம்பந்தப்பட்டவர்கள் மெய்ச்சான்றாளரைப் பார்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைச் சொல்வதற்குள் அவர் பேசிவிட்டார்.

"பதினாலு வருசமா அவருகிட்ட வேலை பாக்குதேன் மேடம். அவரு எழுத்து எனக்குத் தெரியாதா? அவருக்கு வல்லின ற வராது. எல்லாத்துக்கும் சின்ன ர தான் போடுவாரு. நீங்க ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க. அது போதும்."

போலீஸ்காரர் ஒருவர் வந்து அவரை அழைத்துப் போனார். செண்பகம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். வேறு வேலை இல்லாததால்தான் படித்தாள் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

'அந்த அலாரம் சீசன் முடியுர வரைக்கும் நிருத்தி வை. ஒரு நாளைக்கு மூனு தடவ கத்துது. பொம்பளைங்க கையுரைய கழட்டி போட்டுட்டு வெளிய ஓடுராங்க. கப்பல் வெள்ளிக்கிழமை.'

இவ்வளவு மோசமாக எழுதப்பட்ட எதையும் அவள் பல வருடங்களாகப் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் அவசரமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பேசுவதுபோல் இருந்தது.

சட்டத்தில் ஒரு பழைய பிரிவு இருந்தது. ஐயம் எழுந்தால், சம்பந்தப்பட்டவரிடம் நிழற்கை இல்லாமல் எழுதிய வெறுங்கை மாதிரி ஒன்றை மெய்ச்சான்றாளர் கேட்டு வாங்கலாம். அவளுடைய ஒன்பது வருடங்களில் யாரும் கேட்டதில்லை. அவள் கேட்டாள்.

மச்சாடோ அடுத்த செவ்வாய்க்கிழமை வக்கீலோடு வந்தார். உயரமான, களைத்துப்போன மனிதர். மாதிரி கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று வக்கீல் நீளமாக வாதாடினார். அவர் பேசி முடிப்பதற்குள் மச்சாடோ விசைப்பலகையின் முன் போய் உட்கார்ந்துவிட்டார். எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டார். எதைப் பற்றி வேண்டுமானாலும் என்றாள் செண்பகம். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்த பையனைப்போல் வெகுநேரம் எழுத்துக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைப் பக்கம் எழுத நாற்பது நிமிடங்கள் பிடித்தன.

'இன்னைக்கி காலைல மழ வர மாதிரி இருந்திச்சு. வரல. என்ன எழுதுரதுன்னு தெரியல. பல் வலிக்குது. டாக்டர பாக்கனும்னு நெனச்சு மரந்துட்டேன்.'

செண்பகம் அதைத் தடமானியில் செலுத்தினாள். டெரன்ஸ் மச்சாடோ என்ற பெயரில் அரசிடம் பதிவாகியிருந்த தடத்தோடு ஒப்பிட்டால் எட்டு. கசிந்த பத்தொன்பது அஞ்சல்களோடு ஒப்பிட்டால் தொண்ணூற்று மூன்று.

எட்டு என்ற எண்ணை மச்சாடோ எட்டிப் பார்த்தார். "நான்தானே இப்ப எழுதினேன்?" என்று கேட்டார். அதில் தந்திரம் எதுவும் தெரியவில்லை. சட்டைப்பையில் வைத்த சாவியைக் காணாதவர்போல் இருந்தார்.

வக்கீல் தண்ணீர் எடுத்துவர வெளியே போன சமயத்தில், கசிந்த அஞ்சல்களை அவர் முன் வைத்தாள் செண்பகம். ஒவ்வொன்றாகப் படித்தார். தான்தான் எழுதினேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

"நிழற்கைகிட்ட இதைச் சொன்னா அது எழுதாது மேடம். பாதுகாப்புக் குழுவைக் கலந்துக்கிட்டுன்னு ஆரம்பிக்கும். திரும்பச் சொன்னா திரும்ப அதையே எழுதும். அதனால நானே அடிச்சிருப்பேன். அடிச்சிருக்கலாம். எனக்குத் தெரியலை."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். இறந்துபோன ஏழு பேர் வீட்டுக்கும் தன் பெயரில் இரங்கல் கடிதம் போயிருந்ததாம். அதை ஒரு வாரம் கழித்துத்தான் படித்துப் பார்த்தாராம். படித்தபோது அழுகை வந்துவிட்டதாம். இவ்வளவு நல்லவனா நான் என்று தோன்றியதாம்.

அவர்கள் போன பிறகு அறையின் குறிப்பேட்டைத் திறந்தாள். பேசியதை எல்லாம் எழுதி வைப்பது அங்கிருந்த நிழற்கையின் வேலை. 'இவ்வஞ்சல்களை எழுதியதாகத் தமக்கு நினைவில்லை என்று இயக்குநர் தெளிவுபடுத்தினார். மரணங்கள் குறித்துத் தம் ஆழ்ந்த துயரத்தையும் தெரிவித்தார்' என்று இருந்தது. பொய் என்று சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது அதுவும் இல்லை.

செண்பகத்துக்கு இப்போது விஷயம் விளங்கிவிட்டது. பதினொரு வருடங்களுக்கு முன் நிழற்கை மச்சாடோவிடமிருந்து அவர் நடையைக் கற்றுக்கொண்டது. பிறகு தான் எழுதியதிலிருந்தே தான் கற்றுக்கொண்டது. அவர் தடம் என்று அரசு வைத்திருப்பது இப்போது முழுக்க நிழற்கையின் தடம். அது எழுத மறுத்ததை மட்டும் அந்த மனிதர் தன் விரலால் எழுதினார். அவர் சொந்தமாக எழுதியவை அந்தப் பத்தொன்பதுதான். அவற்றைத்தான் தடமானி போலி என்கிறது.

இதை அறிக்கையில் சொல்ல வேண்டும். தடமானியின் முடிவு தவறு என்று முணுமுணுத்தாள். 'தடமானியின் முடிவை உரிய கவனத்துடன் பரிசீலித்து ஏற்கிறேன்' என்று நிழற்கை எழுதியது. ஏற்கவில்லை என்றாள். 'சிறு ஐயங்களுக்கு உட்பட்டு ஏற்கிறேன்' என்று மாற்றியது. ஒன்பது வருடங்களாக அவள் ஒருமுறைகூட மறுத்து எழுதியதில்லை. மறுத்தால் அவள் எப்படி எழுதுவாள் என்று அதற்குத் தெரியாது.

அவள் நிழற்கையை அணைத்தாள்.

எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று மறந்தே போயிருந்தது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது எங்கே முடியும் என்று தெரியவில்லை. 'ஆகவே' என்று எழுதிவிட்டு, எது ஆகவே என்று யோசித்தாள். மூன்று நாட்களில் நான்கு பக்கங்கள் வந்தன. நன்றாக இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது எல்லாம் அதில் இருந்தது: வல்லின றகரம், தொண்ணூற்று மூன்று, நிழற்கையிடம் சொன்னால் எழுதாது என்று மச்சாடோ சொன்னது. அனுப்பிவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

பதிவகத்திலிருந்து மூன்று நிமிடத்தில் பதில் வந்தது. அவள் பெயரில் வந்த அறிக்கை அவளுடைய பதிவுத் தடத்தோடு பதினான்கு விழுக்காடு மட்டுமே பொருந்துகிறது. எனவே போலி எனக் கருதி நீக்கப்பட்டது. அவள் கணினியில் ஏற்கெனவே தயாராக இருந்த அறிக்கை தொண்ணூற்றெட்டு விழுக்காடு பொருந்துவதால் அதுவே அவளுடைய அறிக்கையாக ஏற்கப்படுகிறது. அவள் பெயரைத் தவறாகப் பயன்படுத்திய நபர் மீது புகார் கொடுக்க விரும்புகிறாளா?

பதிவாளர் சிவகாமிநாதனின் அறைக்கு நேரே போனாள். அவர் பொறுமையானவர், எல்லாவற்றையும் கேட்டார். தான்தான் எழுதினேன் என்று எழுத்தில் கொடுத்தாலும் அதையும் தடமானிதான் அளக்கும் என்றார். வாயால் சொன்னால்? அதை நிழற்கை எழுதிக் கோப்பில் சேர்க்கும். என்ன எழுதும் என்று இருவருக்கும் தெரியும்.

"நீங்க நேர்ல சொல்றதை நான் நம்புறேன் மேடம்," என்றார் சிவகாமிநாதன். "ஆனா கோப்புல என் நம்பிக்கையை எழுதுறதுக்கு ஒரு கட்டம் கிடையாது."

அவருக்கு டீ வந்தது. அவளுக்கும் ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள்.

தீர்ப்பு பத்து நாட்களில் வந்தது. மச்சாடோ விடுவிக்கப்பட்டார். லிங்கதுரைக்கு எட்டு வருடங்கள். செண்பகம் அழவில்லை, கோபப்படவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பதினொரு ஆவணங்களுக்கு எண் கொடுத்தாள். மகளிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அம்மாவின் கடைசிக் கடிதத்தில் இருந்த நகைச்சுவையை ரசித்ததாக எழுதியிருந்தாள். தன்னுடைய கடைசிக் கடிதத்தில் என்ன நகைச்சுவை இருந்தது என்று செண்பகம் தேடிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, பாளையங்கோட்டையில் இருந்த சிறைக்குப் பேருந்தில் போனாள். ஏன் போகிறோம் என்று அவளால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. நடந்ததை அந்த மனிதரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லிங்கதுரை வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். மனைவி வாரம் தவறாமல் வருவதாகவும், சாப்பாடு பரவாயில்லை என்றும் கேட்காமலேயே சொன்னார். செண்பகம் முதலிலிருந்து சொன்னாள். அரைப் பக்க மாதிரி, தொண்ணூற்று மூன்று, மூன்று நாள் எழுதிய நான்கு பக்கங்கள், பதினான்கு.

"தீர்ப்போட உங்க அறிக்கையையும் எனக்குக் குடுத்தாவ மேடம்," என்றார் பிறகு. "அந்த இன்னொண்ணு, நிழற்கை எழுதுனது. நாலு தடவ வாசிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கு. ஒவ்வொரு மெயிலயும் எடுத்து, இது ஏன் அவரு எழுதியிருக்க முடியாதுன்னு வரிவரியாச் சொல்லியிருக்கு. வாசிக்க வாசிக்க எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு."

தழும்பு விழுந்த கையை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

"அந்த அலாரத்த நான்தான் நிறுத்துனேன். அது ஞாபகம் இருக்கு, சுவிட்ச் ஞாபகம் இருக்கு. யாரு சொல்லி நிறுத்துனேங்கிறதுதான் இப்பம் உறுதியாத் தெரியல. நெசமாவே அந்த மெயில் எல்லாம் எனக்கு வந்துச்சா மேடம்?"

வந்தது என்று அவள் சொன்னாள். மச்சாடோதான் அனுப்பினார், நீங்கள் எதையும் இட்டுக்கட்டவில்லை என்று மறுபடியும் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. லிங்கதுரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நம்பியதுபோல் தோன்றியது. நேரம் முடிந்தது என்று காவலர் வந்து அவர் தோளைத் தொட்டார். எழுந்தவர், தடுப்பின் பக்கம் குனிந்தார்.

"இதையே ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா மேடம்? சந்தேகம் வரும்போது எடுத்து வாசிச்சுக்கிடுவேன்."