பனிமழை கேட்டவர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லாரும் கம்பளி வாடகைக்கு எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே பின்னலாடை தைத்து அனுப்பிய திருப்பூரில் இன்று சொந்தமாக ஒரு ஸ்வெட்டர் வைத்திருப்பவர் கிடையாது. வருஷம் முழுக்க வெயில் என்றால் எதற்கு வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் அளவு பார்த்து ஸ்வெட்டர், சால்வை, காலுறை என்று மூட்டை கட்டிக் கொடுப்பார். அலுவலகத்தில் குளிர் விடுப்பு எழுதிவிட்டு, தானோட்டி வண்டியில் ஏறி, குளிர் விற்கும் இடத்துக்குப் போவோம். போகாத வீட்டை அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

நானும் என் கணவன் ஆதிரனும் இந்த வருஷம் ஊத்துக்கரட்டு மலையடிவாரத்தில் இருக்கும் மார்கழிக் கூடத்துக்குப் போனோம். ஒரு சிற்றூரையே கவிழ்த்து மூடிவிடக்கூடிய கண்ணாடிக் கவிகை அது. என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம்.

அப்பாவின் பெயர் தர்ஷன். எழுபதைத் தாண்டியவர். அவருக்கு மட்டும் நாங்கள் எதுவும் வாடகைக்கு எடுக்கவில்லை. அவரிடம் சொந்தமாக ஒரு மங்கி குல்லா இருந்தது. காதையும் கழுத்தையும் மூடி முகம் மட்டும் தெரிகிற காப்பி நிறக் குல்லா. சின்ன வயதில் ஊட்டிச் சுற்றுலாவுக்காக அவருடைய அம்மா வாங்கிக் கொடுத்தது. குளிர் இருந்த கடைசிக் காலத்துப் பொருள். மூன்று வீடு மாறியும் அதைத் தொலைக்காமல் வைத்திருந்தார்.

"சாகறதுக்குள்ள ஒருக்கா பல்லு கிடுகிடுன்னு ஆடணும் கண்ணு," என்பார். "வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

அப்பாவை உள்ளே விடுவார்களா என்று ஆதிரனைப் பல தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும், "பாத்துக்கலாம் வேனி," என்றான். அவன் வாயில் அந்தச் சொல் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் பார்த்துக்கொள்ள மாட்டான், கடைசியில் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நுழைவாயிலில் சால்வை போர்த்திய பெண் எங்கள் மணிக்கட்டில் உடற்சூட்டுப் பட்டையைக் கட்டினாள். அப்பாவின் கையைப் பிடித்தவள் அப்படியே விட்டுவிட்டாள்.

"ஜோடிங்க மட்டுந்தானுங்க்கா உள்ள. அறுவது தாண்டுனவங்களுக்குக் குளிர் ஒத்துக்காதுங்க. மேக்கு வாசலுக்கு வெளிய, ஊருக்குள்ள காத்திருப்பு இல்லம் இருக்குது. ஏசி, கட்டில், சாப்பாடு எல்லாம் நாங்களே குடுத்துருவோம். அவுங்களும் நம்ம விருந்தாளிங்கதானுங்க."

நான் ஆதிரனைப் பார்த்தேன். அவன் கவிகையின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"திரும்பிப் போயிரலாம்," என்றேன்.

"அட, விடு கண்ணு," என்றார் அப்பா. "வாசல்ல நின்னு சண்டை போடாத. நான் எங்க போயிரப் போறேன். நீங்க ஆசையா இருந்துட்டு வாங்க." வண்டியில் ஏறியதிலிருந்தே மாட்டியிருந்த குல்லாவைக் கழற்றி என் தலையில் மாட்டினார். "காதுல குளிர் ஏறுச்சுன்னா தலைவலி உடாது. போட்டுக்கோ."

நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொடைக்கானல் தெரு என்று ஒரு தெரு. மலை ரயில் ஒன்று புகை விட்டுக்கொண்டு சுற்றியது. மார்கழி வீதியில் விடியற்காலையில் கோலம் போடலாம், பூசணிப்பூ அவர்களே தருகிறார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. முதல் தடவை அதைப் பார்த்த ஜோடிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிச் சிரித்தார்கள். தெருமுனையில் மிளகாய் பஜ்ஜியும் இஞ்சி டீயும். குளிரில் நின்று சூடாகத் தின்பது எப்படிப்பட்ட சுகம் என்று அப்பா சொல்லித்தான் கேட்டிருந்தேன். அவர் சொன்னது சரி.

ஒவ்வோர் அறையிலும் சுவரில் குளிர் விருப்பம் என்று ஒரு பலகை. மூடுபனி, உறைபனி, பனிமழை என்று மூன்று பொத்தான்கள். எது அதிக அறைகளில் அமுக்கப்படுகிறதோ அதுவே மறுநாள் நடக்கும், பிடித்துப்போனால் அன்றைக்கே மறுபடி அமுக்கி நீட்டிக்கொள்ளலாம். பனிமழை பெரும்பாலும் வருவதில்லை என்றார்கள். மூடுபனியில் தெருவில் நின்று பஜ்ஜி தின்னலாம், பனிமழையில் கடைகளை மூடிவிட்டு அறைக்குத்தான் கொண்டுவந்து தருவார்கள். அதனால் ஜனங்கள் மூடுபனியையே கேட்டார்கள்.

சாயங்காலம் அப்பாவைப் பேசுதிரையில் கூப்பிட்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் வீணையோ புல்லாங்குழலோ ஒலித்துக்கொண்டே இருந்தது.

"நல்லாத்தான் கண்ணு இருக்குது. இந்தப் பாட்டத்தான் நிறுத்தவே மாட்டீங்கறாங்க. எதுத்த ஊட்டுப் பொண்ணு கம்மங்கூழு கொண்டாந்து குடுத்துச்சு. பவித்ராவாமா. இந்த ஊர்ல எல்லா ஊட்லயும் தரைக்குக் கீழ ஒரு ரூம் இருக்குதாமா. எதுக்கும்மான்னு கேட்டா சிரிக்குது."

"சூடா இருக்குதாப்பா?"

"மத்தியானம் கொஞ்சம் புழுக்கம். அது எங்கதான் இல்ல. உனக்குப் பல்லு ஆடுச்சா?"

ஆடியது என்றேன். சந்தோஷப்பட்டார்.

மறுநாள் எங்கள் கல்யாண நாள். மத்தியானம் மலை ரயிலைவிட்டு இறங்கும்போது கவிகை முழுக்க வெளுத்தது. கடைக்காரர்கள் அவசரமாகச் சட்டியை மூடினார்கள். பிறகு பனி விழுந்தது. சத்தமே இல்லாமல் விழுந்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நாக்கை நீட்டி ஒரு துளியைப் பிடித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"பனிமழை வராதுன்னாங்களே," என்றேன்.

ஆதிரன் சிரித்தான். "நேத்து நீ தூங்குனப்புறம் ரூம் ரூமா போய்க் கதவத் தட்டுனேன். எங்க கல்யாண நாளுங்க, கொஞ்சம் பனிமழைய அமுக்குங்கன்னு, ஓட்டு கேக்கற மாதிரி. எல்லாரும் சிரிச்சுட்டே அமுக்கிட்டாங்க. உனக்காகத்தான் வேனி."

கூச்ச சுபாவக்காரன். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவான். அவன் எனக்காகக் கதவு கதவாகத் தட்டியிருக்கிறான் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்குக் காட்டணும்," என்று பேசுதிரையை எடுத்தேன்.

அப்பா எடுக்கவில்லை. திரையில் ஒரு தாமரைப் பூவும் அதே பாட்டும் வந்தன. கீழே எழுத்து ஓடியது: வெளிச்சூழல் சமன்செய்தல் நடைபெறுகிறது. தங்கள் பெரியவர் ஓய்வில் இருக்கிறார்.

பக்கத்தில் பனியைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்த மேற்பார்வையாளரிடம் திரையைக் காட்டினேன். "இது என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். பனிமழை நேரத்துல வெளிய கொஞ்சம் சூடு ஏறும். நின்னதும் தானா எறங்கிரும்."

"வெளியன்னா எந்தப் பக்கம்?"

அவர் இன்னும் கொஞ்சம் பனியைக் கூட்டித் தள்ளினார். பிறகு, "மேக்கால," என்றார்.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கை வைத்துப் பார்க்காதவர் யார் இருக்கிறார்கள். உள்ளே குளிர்ந்தால் பின்னால் சுடும். சின்னக் குழந்தைக்கும் தெரியும். இத்தனை பெரிய குளிர்ப் பெட்டிக்குள் நின்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் இதன் பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. தெரியாமல் இல்லை. கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

ஆதிரனின் முகம் வெளிறிப்போயிருந்தது. "எனக்குத் தெரியாது வேனி."

"வா," என்றேன். வேறு எதையாவது நான் பேச ஆரம்பித்திருந்தால் அவனை அங்கேயே அடித்திருப்பேன்.

மேற்கு வாசலில் இருந்த காவலர் கதவைத் திறக்க மாட்டேன் என்றார். "பனி நிக்கட்டுங்க மேடம். இப்பத் திறந்தா உள்ள இருக்கற குளிரெல்லாம் போயிரும். மத்த விருந்தாளிங்களுக்கு…"

சுவரோரம் சறுக்குப் பலகைகள் சாத்தியிருந்தன. ஒன்றை எடுத்துக் கதவில் ஓங்கி அடித்தேன். மறுபடி அடித்தேன். பனியில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜோடிகள் முகம் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் அவர்களுக்கு இடைஞ்சல் என்பதால்தான் காவலர் கதவைத் திறந்தார். வெளியே அனலில் வெந்துகொண்டிருந்த என் அப்பாவுக்காகத் திறக்கவில்லை.

வெளியே காலை வைத்ததும் மூச்சு அடைத்தது. கவிகையின் அடியில் வரிசையாக வெப்பவாய்கள். ஒவ்வொன்றும் லாரி நுழையும் அகலம். அவற்றிலிருந்து வந்த காற்று அடுப்பு வாய்க்குள் தலையை விட்டதுபோல் முகத்தில் அறைந்தது. என் தோளில் இருந்த பனி உடனே உருகி ஓடியது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

காத்திருப்பு இல்லத்தில் ஏசி நின்றுபோயிருந்தது. மின்சாரம் முழுவதையும் பனி தின்றுகொண்டிருந்தது. பாட்டு மட்டும் ஓடியது. பணியாளர் ஒருவரும் இல்லை. கட்டில்கள் காலியாகக் கிடந்தன. அப்பாவின் கட்டிலில் அவர் கண்ணாடி மட்டும் இருந்தது.

எதிர் வீட்டில் தரையோடு பதித்த பலகைக் கதவு தூக்கப்பட்டு ஒரு பெண்ணின் தலை தெரிந்தது. "இங்க வாங்க. சீக்கிரம்," என்று கத்தினாள். பவித்ரா.

நிலவறையில் விளக்கு ஒன்று எரிந்தது. அவள் குடும்பமும், இல்லத்தில் இருந்த பெரியவர்களும் சுவரோரம் சாய்ந்து கிடந்தார்கள். அப்பாவைத் தரையில் கிடத்தி ஈரச் சாக்கு போர்த்தியிருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது.

"ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லியாச்சு. பனி நிக்காம இந்தப் பக்கம் எவனும் வர மாட்டான்," என்றாள் பவித்ரா. அவள் குரலில் என்னைவிடக் கோபம் இருந்தது. "சூடு வர்றதுக்கு முன்னாடி மணி அடிப்பாங்க. நாங்க எறங்கிருவோம். உங்க ஆளுங்களுக்கு அந்த மணி கேக்கக் கூடாதாம். விருந்தாளிங்க பயந்துருவாங்களாம். அதுக்குத்தான் அந்தப் பாட்டு. ஒவ்வொருத்தரா இழுத்துட்டு வந்தேன். உங்கப்பாதான் கடேசி. நல்ல பாரம்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டு சாக்கில் தண்ணீர் தெளித்தாள்.

"வழக்கமா பனிமழை வராது. எங்க ஊட்டுக்காரர் உள்ள வேலை பாக்கறாரு, அவருதான் போன் போட்டாரு. எவனோ ரூம் ரூமா போய்க் கேட்டு வாங்கிட்டானாமா."

ஏணியின் கடைசிப் படியில் நின்றிருந்த ஆதிரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அப்பா கண் திறந்தார். ஈரச் சாக்குக்கு அடியில் உடம்பு வெடவெடத்தது. பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கிடுகிடுவென்று ஆடின. அந்தச் சத்தம் நிலவறை முழுக்கக் கேட்டது.

"குளிருது," என்றார். "அம்மா, குளிருது."

அவர் பார்வை என் தலையில் நின்றது. நான் இன்னும் அதைக் கழற்றவில்லை.

"குல்லா. எனக்குக் குடு."

கழற்றினேன். பவித்ரா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாங்க்கா. தலைக்குத்தான் சூடு ஏறிக் கெடக்குது. மூடுனா ஆள் போயிரும்."

"எங்கம்மா வாங்கிக் குடுத்தது," என்றார் அப்பா. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரு நீ? என் குல்லாவ எதுக்கு எடுத்த? குடுத்துரு." குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். நான் குல்லாவை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மேலே மணி அடித்தது. நீளமாக, விட்டுவிட்டு.

"மறுபடியுமா?" என்றாள் பவித்ரா. "இன்னொரு தடவை கேட்டிருக்காங்க. புடிச்சுப் போச்சாட்ட இருக்குது."

ஆதிரன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். "பாத்துக்கலாம் வேனி," என்றான். அவனுக்கு வேறு சொல் தெரியாது.

"போய்ப் பாரு," என்றேன். "மேல போ. நேத்து தட்டுன அதே கதவெல்லாம் போய்த் தட்டு. எங்க மாமனார் கீழ கெடக்கறாரு, பனிய நிறுத்துங்கன்னு கேளு. நேத்து உனக்கு நல்லாத்தான் கேக்க வந்துது."

அவன் ஏறிப் போனான். பலகைக் கதவு திறந்து மூடிய நேரத்துக்குள் அனல் ஒன்று இறங்கி விளக்கை ஆட்டியது.

அப்பா கொஞ்ச நேரம் குல்லா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரல் தேய்ந்தது. பற்கள் ஆடுவது நின்றது. நான் காய்ச்சல் இறங்குகிறது என்று நினைத்தேன். பவித்ரா அவர் மூக்கருகே விரலை வைத்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். என் மடியில் இருந்த குல்லாவைப் பார்த்தாள்.

"இப்பப் போட்டு உடுங்க்கா," என்றாள்.

மாட்டிவிட்டேன். காதை மூடி, கழுத்துவரை இழுத்துவிட்டேன். காப்பி நிறக் கம்பளிக்கு நடுவே அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது.

மேலே வெப்பவாய்கள் இரைந்துகொண்டே இருந்தன. வெகுநேரம் கழித்து ஆதிரன் இறங்கி வந்தான். முகமும் கையும் வெந்து சிவந்திருந்தன. பாதிப் படியிலேயே பேச ஆரம்பித்தான். மேற்கு வாசலைத் தட்டித் தட்டித்தான் உள்ளே போனானாம். எல்லாக் கதவையும் திறந்தார்களாம். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்களாம். ஐயோ பாவம் என்றார்களாம். பணம் கட்டி வந்திருக்கிறோம், ஒரு நாள்தானே, நாளைக்கு மூடுபனியையே அமுக்குகிறோம் என்றார்களாம்.

சொல்லிக்கொண்டே கடைசிப் படியில் காலை வைத்தவன் குல்லாவைப் பார்த்துவிட்டு நின்றான். அவன் கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது.

"மாமாவுக்குன்னு குடுத்தாங்க," என்றான்.

மிளகாய் பஜ்ஜி. இன்னும் சூடு ஆறவில்லை.