மரவாழை பூத்த மரம்

மேற்கே முகில்மலைச் சிகரங்களுக்குப் பின்னால் கதிரவன் மறைந்து, கீழ்வானில் எழுந்த முழுமதி சிற்றாற்றின் அலைகளில் வெள்ளியை உருக்கி வார்க்கத் தொடங்கிய அந்த அந்திப் பொழுதில், கரையில் இறங்கியிருந்த மருதநாட்டுப் பாசறைக்குள் முக்காடிட்ட மலைப்பெண் ஒருத்தி தேன்குடத்தை இடுப்பில் ஏந்தி நுழைந்தாள்.

வாசக அன்பர்களே! காவலர்களை ஏமாற்றிய வேடம் உங்களையும் ஏமாற்ற வேண்டியதில்லை. அவள் முகில்மலைத் தலைவர் அழும்பில்வேளின் ஒரே மகள் கொற்றிநங்கை. மருதநாட்டு இளவரசன் விடங்கனுக்கும் அவளுக்கும் இன்னும் இரண்டொரு நாளில் திருமணம். அவன் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. "சமவெளிக்காரர்களுக்கு மலை என்றால் வெறும் விறகுக்கட்டு, பெண் கொடேன்" என்று ஒற்றைக்காலில் நின்ற தந்தையிடம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியவள் அவளே. "உங்கள் மரத்தடிக்கு வெறுங்காலோடு நடந்து வருவேன்" என்று விடங்கன் சொல்லி அனுப்பிய ஒரு வார்த்தைதான் அவளை அப்படி வாதாட வைத்தது.

அது என்ன மரம் என்கிறீர்களா? மண்ணையே தொடாமல், காற்றில் வேர்களைத் தொங்கவிட்டு, ஊதாப் புள்ளியிட்ட வெண்மலர்களைச் சரம் சரமாய் விடும் மரவாழை என்னும் செடி, அந்த மலை முழுவதிலும் ஒரே ஒரு முதுமரத்தின் உச்சிக் கிளையில்தான் வாழ்ந்தது. அது பூத்திருக்கும் நாளில் அம்மரத்தின் நிழலில் நின்று மாலை மாற்றினால்தான் மலைநாட்டில் திருமணம். பூவை யாரும் பறிப்பதில்லை. இன்று காலை அங்கே கோடரிச் சத்தம் கேட்டு அவள் ஓடியபோது மரம் வேரருகே வெட்டுண்டு கிடந்தது. செய்தவர் யார் என்று ஊரே சொல்லியும், கண்ணால் காணாமல் நம்ப மறுத்தது அவளுடைய பாழும் மனம்.

இப்போது கண்டாள். கூடார வாயிலில் ஒரு பொற்குடம்; அதில் கழுத்துவரை ஈரமண்; நடுவே நட்டுவைத்த மரவாழை துவண்டு சாய்ந்திருந்தது. அருகே விடங்கன் கவலையோடு நின்றான்.

"பெண்ணே, நல்ல வேளையாக வந்தாய்! ஆற்று வண்டல் இட்டோம், நீரும் வார்த்தோம். பிறகும் ஏன் வாடுகிறது?"

கொற்றிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "மரம் எங்கே, இளவரசே?"

"மரமா? அவ்வளவு உயரம் ஏற எவனுக்கும் துணிவில்லை. நான்தான் வெட்டச் சொன்னேன். காட்டில் மரத்துக்கா பஞ்சம்? இது இளவரசிக்கு உயிரான மலராம். இதைக் கொடுக்கும்போது அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும்!"

அவன் குரலில் மெய்யான அன்பு இருந்தது. அதுதான் அவள் ஆத்திரத்தை இரட்டிப்பாக்கியது. பகைவன் என்றால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். இந்த அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தேன்குடத்தைத் தரையில் ஓங்கி அடித்தாள். முக்காட்டை இழுத்தெறிந்தாள். மலைத்தலைவர் குலத்தார் மட்டுமே அணியும் புலிப்பல் ஆரம் அவள் கழுத்தில் தெரிந்தது.

"பார்த்துக்கொள்ளும்! இதுதான் அந்த முகம்! நீர் வெட்டியது மரத்தை அல்ல, நம் மணப்பந்தலை! என் தாய் மணந்த இடம் அது. இனி எங்கள் பெண்கள் எங்கே போய் நிற்பார்கள்? உமக்காகப் பெற்ற தந்தையோடு சண்டையிட்ட என்னைச் சொல்ல வேண்டும்!"

விடங்கன் முகம் வெளிறியது. "தேவி! நீங்கள் சொன்ன மணமரம் இதுதான் என்று அறியாமல் செய்த பிழை…"

"கேட்டிருக்கலாமே! எங்கள் மலையில் வாய் பேசத் தெரிந்தவர் ஒருவருமா இல்லை?"

குடத்துக்குள் கைவிட்டு மரவாழையை மெல்லப் பெயர்த்தாள். வேர்களில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்தெறிந்தாள்.

"இதை ஓர் இளங்கன்றில் கட்டப்போகிறேன். இது பிழைத்துப் பூத்து, அந்தக் கன்றும் வெட்டுண்ட மரத்தின் அளவுக்கு ஓங்கி வளரும்வரை நான் மணமாலை சூடேன். எங்கள் மலைத்தெய்வத்தின் மேல் ஆணை!"

காவலர்கள் வேல்களை நீட்டி வழிமறித்தனர். விடங்கன் கையசைத்து அவர்களை விலக்கினான்.

"காத்திருக்கிறேன், தேவி. எத்தனை காலம் ஆகும்?"

கொற்றி திரும்பி நின்றாள். முதன்முறையாக அவள் கண்கள் கலங்கின. குரலில் மட்டும் சினம் தணியவில்லை.

"அந்த மரத்தைக் கன்றாகப் பார்த்தவர் எங்கள் பாட்டன்மாரிலேயே ஒருவரும் இல்லை, இளவரசே!"