வசிப்புத் தடம்

தனுஷ்கோடி எழுந்ததும் முதல் வேலையாக விருந்தாளிகளின் அறைக்குக் காற்றைத் திறந்துவிட்டார். நிலவில் கட்டிய நகரில் நாள்வாடகைக்கு அறை விடுகிறவருக்குச் சட்டம் விதித்த கடமை அது. கசியாத கதவு, நகராட்சியில் பெயர்ப் பதிவு என்று மற்றவற்றிலும் அவர் குறை வைத்ததில்லை. நகரை மூடியிருந்த குவிமாடத்திலேயே சுத்தமான வீடு தன்னுடையதுதான் என்று காய்கறிக்கடை ரோபோவிடம்கூடச் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு விதிதான் கடுமையானது. வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும். மூச்சுக்கே பங்கு பிரிக்கும் ஊரில், ஆளில்லாத வீட்டை விடுதியாக ஓட்டினால் நகராட்சி பிடுங்கி, வரிசையில் நிற்பவருக்குக் கொடுத்துவிடும்.

அன்று நகராட்சியின் ஆய்வி வந்தது. முழங்கால் உயர இயந்திரம். தோலிலிருந்து உதிரும் துகளை மோந்தே, யார் எங்கே புழங்குகிறார் என்று சொல்லிவிடும். அதற்கு வசிப்புத் தடம் என்று பெயர்.

“நல்லா மோந்து பாருங்க சார். தூசி வேணும்னா பக்கத்து வீட்டுக்குத்தான் போகணும்.”

“மெத்தையில் உங்கள் தடம் இல்லையே?”

“அது வர்றவங்களுக்கு சார்.”

“பீங்கான் தட்டுகள்?”

“அதுவும்தான். நமக்கு எதுக்கு, பழைய அலுமினியமே போதும்.”

“சோபா?”

“உறையைப் பாருங்க சார். வாங்கினதுலேருந்து நானே உட்கார்ந்ததில்ல.” பெருமையில் குரல் உயர்ந்தது.

மனைவி சௌந்திரம் அவர் முழங்கையைக் கிள்ளினாள். “வாயை மூடுங்க. அது ஒண்ணும் உங்கள மெச்சிக்கல.”

காற்றுக்கலன் அடுக்கும் சரக்கறையில் மட்டும் ஆய்வி நெடுநேரம் நின்றது. “இங்கே இருவர் படுக்கிறார்கள். சரக்கறை சட்டப்படி வசிப்பிடம் அல்ல. இந்த வீட்டில் விருந்தாளிகள்தான் வசிக்கிறார்கள். உரிமையாளர் வசிக்கவில்லை.”

தனுஷ்கோடியின் நாக்கு பேரம் பேசியே வளர்ந்தது. கெஞ்சி, கொஞ்சி, சட்டம் பேசி, கடைசியில் மாலைவரை அவகாசம் வாங்கிவிட்டார். சோபாவிலாவது அவர் தடம் இருந்தால் போதும், வீடு தப்பிக்கும் என்றது ஆய்வி.

ஆய்வி போனதும் சௌந்திரம் உறையை உருவினாள். புத்தம் புது நீலம் பளபளத்தது.

“என்ன நிக்கிறீங்க, உட்காருங்க.”

“இரு, இரு.”

தோளில் கிடந்த துண்டை உதறினார். சோபாவில் சுருக்கமில்லாமல் விரித்தார். சொந்த வீட்டு முதலாளிக்குரிய நிமிர்வோடு அதன்மேல் உட்கார்ந்தார், மாலைவரை அசையவில்லை.

ஆய்வி திரும்பி வந்து மோந்தபோது, தடம் முழுவதும் துண்டில்தான் இருந்தது.