ஏரி வீட்டு சர்வர்

மிர்வாவின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணிதான் ஆகியிருந்தது. வெளியே கும்மிருட்டு. வட தேசத்து ஊரான கயானியில் டிசம்பர் மாதம் அப்படித்தான். என் கணவன் ஓஸ்கு ரொட்டிப் பெட்டி அளவிலான ஒரு சர்வரை, கோப்புகளைச் சேர்த்துவைக்கும் கணினியை, மார்போடு அணைத்துக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி நடந்தான்.

"பச்சப்புள்ளய தூக்கிட்டு வர்ற மாதிரியே வர்றியே," என்றேன்.

"புள்ள விழுந்தா அது அழும். இது விழுந்தா நான்ல அழணும்!"

மிர்வா என் தங்கை. அவள் கணவன் இல்மோ போன வசந்தத்தில் ஏரியின் பனிப்பாளம் உடைந்து உள்ளே போய்விட்டான். உயிரோடிருந்தபோது, மகள் வில்யாவுக்குத் தினமும் ஒரு கதை படிப்பான். அவள் அறைச் சுவரில் மாட்டியிருந்த, மைக் வைத்த சின்ன ஒலிபெருக்கி அதைப் பதிவு செய்து, ஏரிக்கரை வீட்டில் இருந்த அவனுடைய சர்வருக்கு அனுப்பிவிடும். அந்த வீட்டை இப்போது விற்றாகிவிட்டது. ஆண்டு முடிவில் அங்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்கள். பாதை பனியில் மூடிக்கிடந்ததால் நேரில் போய் எடுத்துவர வழியில்லை. அதற்குள் அத்தனை குரலையும் இணையம் வழியாக நாங்கள் கொண்டுவந்த சர்வருக்கு இழுத்தாக வேண்டும்.

"அப்பா எப்படிப் பேசுவாருன்னு கேக்குறாக்கா," என்றாள் மிர்வா. "மறந்துட்டா. எனக்கே பயமா இருக்கு."

கோட்டு அலமாரிக்குள் சர்வரை வைத்து ஓஸ்கு கேபிளைச் செருகினான். காப்பி ஆறும் நேரத்துக்குள் முதல் கதை வந்தது. இல்மோவின் அடித்தொண்டைக் குரல் வீட்டை நிறைத்தது. வில்யா கைதட்டிச் சிரித்தாள். மிர்வா அழுதாள். நானும்தான்.

சில நாள் கழித்து மிர்வா தொலைபேசியில் கிசுகிசுத்தாள். "மாமாவ கூட்டிட்டு உடனே வாக்கா."

போனோம். அலமாரிக் கதவைத் திறந்ததும் ஈரச் சேற்றின் வாடை அடித்தது. ஏரியடிச் சேறு. பனிக்காலத்தில் யார் வீட்டிலும் அந்த வாடை வராது.

அவள் ஒரு பதிவை ஓட்டினாள். இல்மோ நரிக்குட்டிக் கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தி, "பல்லு விழுந்துடுச்சா கண்ணு? எங்க, காட்டு," என்றான்.

வில்யாவுக்குப் பல் விழுந்தது முந்தின நாள்.

அடுத்து அதே பதிவில் வில்யா சிரித்தாள்.

"மாமா, இது நேத்து ராத்திரி பதிவானதுன்னு காட்டுது. அவ அப்ப என் பக்கத்துல தூங்கிட்டிருந்தா," என்றாள் மிர்வா.

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. "தேதி ஏதாச்சும் குழம்பியிருக்கும். பாரு," என்று ஓஸ்குவை அதட்டினேன். அவன் திரையைப் பார்த்தான்.

"அங்கேருந்து கொண்டு வரத்தான் நான் கட்டளை போட்டேன். ஆனா இல்மோ போட்ட பழைய கட்டளை அந்த ஒலிபெருக்கியில அப்படியே இருக்கு. நான் அதப் பாக்கல. லைன் கொடுத்ததும் அதுவும் முழிச்சுக்கிச்சு. இங்க கேக்குற குரல அங்க அனுப்பு, அனுப்பினதும் இங்க அழிச்சிடு. அதான் அந்தக் கட்டளை."

"எதை அழிக்கும்?"

அவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

வில்யா சமையலறையில் கறுப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். "பால் வேணுமாடா?" என்று கேட்டேன்.

அவள் வாய் அசைந்தது.

சத்தம் வரவில்லை.

ஓஸ்கு ஓடிப்போய் கேபிளைப் பிடுங்கினான். பயனில்லை. மருத்துவர் குழந்தையின் தொண்டையைப் பார்த்து ஒரு கோளாறும் இல்லை என்று கையை விரித்துவிட்டார். வில்யா இருமினாலும் சத்தமில்லை. அழுதாலும் சத்தமில்லை. சத்தமில்லாமல் அழும் குழந்தையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆண்டின் கடைசி நாள் வந்துவிட்டது. ஏரி வீட்டில் மின்சாரம் போனால் அங்கே இருப்பது எல்லாம் போய்விடும்.

"கேபிளைச் செருகுங்க மாமா," என்றாள் மிர்வா.

"வேணாம்டி," என்றேன். "இன்னும் என்னத்த எடுத்துக்குமோ!"

"எம்புள்ள குரல் அங்க இருக்குக்கா."

ஓஸ்கு செருகினான். சேற்று வாடை மறுபடி கிளம்பியது. ஒரே ஒரு கோப்பு வந்தது. அதில் வில்யாவின் குரல், பக்கத்தில் யாரோ சொல்லித் தருவதைத் திருப்பிச் சொல்வதுபோல்.

"அம்மா, அப்பா என்னை அனுப்பிடுறாராம். ஆனா இங்க ரொம்ப இருட்டாம். அவரால தனியா இருக்க முடியலயாம். நீ ஒரு கதை படிக்கணுமாம்."

மிர்வா என் கையை ஒருமுறை அழுத்தினாள். நான் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். குழந்தையைப் பார்த்தேன், என் பிடி தளர்ந்துவிட்டது. அவள் ஒலிபெருக்கி இருந்த வில்யாவின் அறைக்குள் போனாள். வில்யாவும் பின்னாலேயே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே மிர்வா படிக்க ஆரம்பித்தாள். நரிக்குட்டிக் கதைதான். குரல் நடுங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அடுத்த தெருவிலிருந்து கேட்பதுபோல் ஆனது.

பாதி வாக்கியத்தில் நின்றது.

நாங்கள் கதவில் காதை வைத்தோம்.

"அம்மா," என்றாள் வில்யா உள்ளேயிருந்து, தெளிவாக. "ஏம்மா நிறுத்திட்ட?"

அன்று மாலை ஏரி வீட்டின் மின்சாரம் நின்றது. ஓஸ்கு சர்வரையும் ஒலிபெருக்கியையும் சுத்தியலால் நொறுக்கிப் போட்டான். சேற்று வாடையும் போய்விட்டது. மிர்வா மட்டும் அதன்பின் பேசவே இல்லை. எங்களைப் பார்த்துச் சிரிப்பாள், தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

நேற்று அவர்களைப் பார்க்கப் போனேன். தாயும் மகளும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மிர்வாவின் வாய் மூடியிருந்தது, உதடுகூட அசையவில்லை. நான் கோட்டைக் கழற்றியபடி, "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றேன்.

வில்யா உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க பெரியம்மா. அம்மா படிச்சிட்டிருக்காங்க."